வாழைப்பழப் பெட்டியும் வாயு உணர்கருவியும்

கதலிக்குலையில் ஒரு காய் பழுத்தால் அயற்காய்களும் விரைந்து பழுப்பதை நீர்வேலிக் கமக்காரர் நன்கறிவர். பழம் வெளிவிடும் எதிலீன் என்னும் வாயுவே இதற்குக் காரணமாகும். மூடிய பெட்டியில் இவ்வாயு தேங்கினால், கொழும்பு சேருமுன்பே காய்கள் கனிந்து நசுங்கி நட்டம் விளையும்.

2012இல் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்து அறிஞர், நுண்ணிய காபன் குழாய்களுடன் செம்புச் சேர்வை கலந்து, இவ்வாயு படின் மின்தடை கூடும் உணர்கருவியொன்றை அமைத்தனர். 2014இல், அருகிற் பிடித்த கைத்தொலைபேசியின் வானலையையே சக்தியாகக் கொண்டு, மின்கலமின்றி அமோனியா போன்ற ஆவிகளை அறிவிக்கும் மெல்லிய சிட்டையையும் ஆக்கினர். இவ்விரண்டும் இணையின், பெட்டியைத் திறவாமலே பழத்தின் நிலையை அறியலாம்.

எனினும் கருவி கேட்டை அறிவிக்குமேயன்றித் தடுக்காது. ஆதலின், பழுத்தவற்றையும் காயம்பட்டவற்றையும் நீக்குக. பெட்டியிற் காற்றுத்துளை இடுக. கீரை வாழைப்பழத்துடன் சேரின் மஞ்சளாகும்; அதனைத் தனியே அடுக்குக.