திருநந்தவனப் பணியும் உள்ளத்தின் ஆறுதலும்

சரியை எளியார்க்கே உரியதென ஒதுக்கும் வழக்கம் கற்றாரிடை உண்டு. அருணந்தி சிவாசாரியரோ, சிவஞான சித்தியார் சுபக்கத்து எட்டாஞ் சூத்திரத்தில் தாதமார்க்கம் கூறுமிடத்து, திருவலகிடுதல், திருமெழுக்கிடுதல், மலர் கொய்தல், மாலை தொடுத்தல் முதலியவற்றோடு திருநந்தவனம் செய்தலையும் எண்ணியருளினார். இப்பணி செய்வார் உள்ளத்தில் விளைவது யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

தோட்டவேலை மனநோயைத் தணிக்கும் என்பது மேனாட்டு மருத்துவரும் கண்டதே. அமெரிக்க மருத்துவராகிய பெஞ்சமின் ரஷ் என்பார் 1812-ஆம் ஆண்டில் மனநோய் பற்றி வெளியிட்ட நூலில், மருத்துவச்சாலையில் விறகு வெட்டியும் தோட்டம் கொத்தியும் உழைத்த நோயாளர் பலகால் குணமடைதலையும், தம் உயர்நிலை காரணமாக அவ்வேலைகளினின்று விலக்குப் பெற்றோர் அச்சுவர்களுக்குள்ளேயே வாடிக் கிடத்தலையும் குறித்துள்ளார். உழவாரம் தொட்டறியாப் புலமையுடைய நம்மனோர் இவ்விடத்திற் சற்று நின்று படித்தல் நன்று.

இதற்குக் காரணம் சித்தாந்தத்துள் உளது. உயிர் தனித்து நில்லாது. சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது. துயருற்ற உயிர் அத்துயரையே சார்ந்து அதுவாகிவிடும். அதனை விடுக என்று கூறுதலால் விடாது. பற்றுதற்கு வேறொரு சார்பு வேண்டும். செடி வளர்ப்போன் நீர் வார்க்கலாம், களை பறிக்கலாம். மொட்டினை விரிக்க அவனால் இயலாது. தன் செயல் முடியும் எல்லையை அவன் நாடோறும் கண்ணாற் காண்கின்றான்.

அற்றேல், எத்தோட்டமும் அமையும், திருநந்தவனம் எற்றுக்கு எனின், எத்தோட்டமும் ஓரளவு ஆறுதல் தருவதே, அதனை மறுக்கிலேம். ஆயின் தன் தோட்டத்தில் பூவோடு 'எனது' என்னும் பற்றும் உடன் வளரும். பூ வாடியவழி வருத்தமும் வரும். நந்தவனத்து மலரை வளர்த்தவன் மோந்து பார்த்தலும் ஆகாது. திருவாரூரில் திருப்பூமண்டபத்தின் அயலே கிடந்த மலரை மோந்த அரசியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அரிந்த வரலாறு இக்காலத்தார்க்குக் கொடிதாகத் தோன்றும். அச்செயல் நம்மனோர் பின்பற்றற்குரியதன்று. விதியின் கடுமை மட்டுமே அதனால் உணரற்பாலது.

திலகவதியார் நிலையை நோக்குக. தந்தையார் புகழனாரும் தாயார் மாதினியாரும் மறைந்தனர். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்திற் பட்டார். உயிர்விடத் துணிந்த அம்மையார் தம்பியார் பொருட்டே உயிர் தாங்கினார். அத்தம்பியாரும் சமணஞ் சார்ந்தபின் திருவதிகையை அடைந்து, பொழுது புலருமுன் எழுந்து, அலகிட்டு மெழுகி, மலர் கொய்து மாலை தொடுத்து வந்தார் என்பர் சேக்கிழார். அவர் தம்பியாரை மறந்தாரல்லர். இறைவன்பால் அவர் பொருட்டே விண்ணப்பித்தார். ஆதலின் பணி அன்பினை அறுத்ததன்று. அன்பு பணியின்கண் நின்று தூயதாயிற்று. சூலையால் வருந்தி வந்த தம்பியார்க்குத் திருநீறு அளித்து, திருப்பள்ளியெழுச்சிப் பொழுதில் அலகும் மெழுக்கும் தோண்டியும் கைக்கொண்டே அவரைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

அத்தம்பியாரே பின்னர்த் திருநாவுக்கரசராய் உழவாரம் ஏந்தினார். திருப்புகலூர்த் திருமுன்றிலில் உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் புரண்டன. அவற்றைத் தீயனவென்று அவர் வெறுத்தாரல்லர். தம் பணிக்கு அவை புல்லினும் கல்லினும் வேறாகத் தோன்றவில்லை. ஆகவே அவற்றையும் உழவாரத்தில் ஏந்தி வாவியில் எறிந்துவிட்டு, மீண்டும் புல் செதுக்கலானார்.