சுவிட்சுப் பலகையின் பின்புறம்

புதிதாகக் கட்டிய வீட்டுக்குப் போனால் சுவரின் வண்ணத்தையும் தரையின் வழவழப்பையும் பார்த்து வியக்கிறோம். சுவிட்சுப் பலகை கோணாமல் இருந்தால் அதையும் அழகு என்கிறோம். ஆனால் அதன் உண்மையான அழகு பின்புறத்தில் இருக்கிறது. தையல் வகுப்பில் நாம் பூவேலை செய்த துணியைச் சிஸ்டர் திருப்பிப் பார்ப்பார்கள் அல்லவா? முடிச்சும் தொங்கும் நூலும் அங்கேதான் அகப்படும். துணியில் தொங்கும் நூல் மதிப்பெண்ணைக் குறைக்கும். பலகைக்குள் தொங்கும் செம்புக் கம்பியோ உயிரையே வாங்கிவிடும்.

நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். பெரும்பாலும் சிவப்பு உறையுள்ள கம்பி மின்சாரத்தைக் கொண்டு வருகிறது; இதைப் 'பேஸ்' என்பர். கறுப்பு 'நியூட்ரல்'. பச்சை 'எர்த்'. சுவிட்சைப் பேஸ் கம்பியில்தான் இணைக்க வேண்டும். நியூட்ரலில் இணைத்தாலும் விளக்கு எரியும், அணையும். பார்ப்பவர்க்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் சுவிட்சை அணைத்த பின்னும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பி, பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறும் அம்மாவின் கதி என்ன?

கம்பியின் நுனியைச் சீவுவதிலும் அளவு உண்டு. உறையை அதிகம் சீவினால் செம்பு வெளியே தெரியும். குறைவாகச் சீவினால் திருகாணி செம்பைப் பிடிக்காமல் உறையைப் பிடிக்கும். இழைகளை ஒன்றாக முறுக்கி, ஓர் இழைகூடப் பிரியாமல் துளைக்குள் செலுத்தி இறுக்க வேண்டும். இறுக்கம் தளர்ந்தால் அவ்விடம் சூடேறும். பிளக் பாயிண்டைச் சுற்றிப் பழுப்பு நிறம் படர்ந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ காரணம் பெரும்பாலும் இதுதான். பெட்டிக்குள் சிமெண்டுத் தூளை விட்டுவைப்பதும், கம்பிகளை மடக்கித் திணிப்பதும் சோம்பேறி வேலை.

சாக்கெட்டிலும் முறை உண்டு. நேரே நின்று பார்த்தால் மேலே உள்ள பெரிய துளை எர்த், வலப்புறம் பேஸ், இடப்புறம் நியூட்ரல். பிளக்கில் எர்த் முள் மட்டும் நீளமாக இருப்பதால் அது முதலில் தொட்டு, கடைசியில் விலகும். பச்சைக் கம்பி இல்லாமலும் கிரைண்டர் ஓடும் என்று அதை வெட்டி விடுவோரை என்னவென்று சொல்வது! கிரைண்டரின் உடலில் மின்சாரம் கசிந்தால், ஈரக் கையோடு மாவு தள்ளும் நமக்கு அந்தப் பச்சைக் கம்பிதானே காவல்?

மின்திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்று பாடத்தில் படித்தோம். 750 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 3.3 ஆம்பியர் போதும். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்கும். 2000 வாட் வெந்நீர்க் கொதிகலனுக்கு 8.7 ஆம்பியர் வேண்டும். அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் தடித்த கம்பியும் தேவை.

இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாச்சாரம் என்பார் உண்டு. மிக்சியையும் இஸ்திரிப் பெட்டியையும் பல வீடுகளில் தொடுவது யாராம்? திருப்புளியை எடுத்துக்கொண்டு பலகையைக் கழற்ற நாம் கிளம்ப வேண்டாம். அது உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை, அதுவும் மெயினை அணைத்த பிறகு. ஆனால் பலகையை மூடுமுன் அருகே நின்று பார்க்கலாம், கேட்கலாம். வேலை முடிந்ததும் டெஸ்டரை வைத்துக் காட்டச் சொல்லலாம். சுவிட்ச் போட்டிருக்கையில் வலப்புறத் துளையில் மட்டும் டெஸ்டர் ஒளிர வேண்டும். அணைத்தால் எந்தத் துளையிலும் ஒளிரக் கூடாது.