இலிஷ் மீனை எண்ணுவது எப்படி?

மழைக்காலத்தில் டாக்குரியாச் சந்தையின் மீன் கடைகளில் அடிக்கடி எழும் குரல், "இந்த ஆண்டு இலிஷ் இல்லை" என்பது. நம்மவர் உல்லம் என்று வழங்கும் மீனே வங்காளியரின் இலிஷ். 'இல்லை' என்று கடைக்காரர் சொல்லிவிடலாம். எவ்வளவு குறைந்தது, எங்கே குறைந்தது என்று கேட்பது விலங்கியல் மாணவர் கடமை.

நீருக்குள் இருப்பதை எண்ணுவது எங்ஙனம்? நம் அருகிலுள்ள இரவீந்திர சரோவரை, அதாவது பழைய டாக்குரியா ஏரியை, எடுத்துக்கொள்வோம். அதில் 200 கெண்டைகளைப் பிடித்து, துடுப்பில் அடையாளமிட்டு, மீண்டும் விட்டுவிடுகிறோம். சில நாள் கழித்துப் பிடித்த 150 கெண்டைகளில் 10 அடையாளமுடையவை என்று கொள்வோம். பதினைந்தில் ஒன்று நாம் விட்டது. ஆகவே ஏரியில் ஏறத்தாழ 200 × 15 = 3,000 கெண்டைகள் உள்ளன. டென்மார்க் அறிஞர் பீட்டர்சன் பெயரால் வழங்கும் முறை இது. இடையில் மீன்கள் வெளியேறவோ, புதியன புகவோ கூடாது. அடையாளமிட்டவை மற்றவற்றோடு நன்கு கலக்கவும் வேண்டும்.

ஏரிக்குப் பொருந்தும் இக்கணக்கு ஹூக்ளியில் தடுமாறும். இலிஷ் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆறேறி வருவது. இன்று இங்கே, நாளை எங்கேயோ! போதாக்குறைக்கு, கைபட்டாலே செதிள் உதிரும்; நீரை விட்டு எடுத்தால் விரைவில் மடியும்.

ஆதலின் ஆற்றில் பிடிப்பை உழைப்பால் வகுத்துப் பார்க்கிறோம். சென்ற ஆண்டு ஒரு படகு பத்து மணி நேரத்தில் 20 மீன் பிடித்தது. இவ்வாண்டு இரண்டு படகுகள் அதே நேரத்தில் 30 பிடித்தன என்போம். சந்தைக்கு வந்தது மிகுதி; படகுக்குக் கிடைத்ததோ 15தான். வலையின் கண் சிறுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். மொத்த டன் கணக்கை மட்டும் கூறும் அறிக்கையை நான் நம்புவதில்லை. படகு, நேரம், வலைக்கண், மீனின் நீளம் இவை நான்கும் உடனிருத்தல் வேண்டும்.

பராக்காவில் மட்டும் இத்தனை நுணுக்கம் தேவையில்லை. ஒரு காலத்தில் கங்கையில் அலகாபாத்தையும் தாண்டி ஏறிய மீன் இது. 1975இல் பராக்கா அணை இயங்கத் தொடங்கியபின் மேலாற்றில் இலிஷ் பிடிப்பு ஏறக்குறைய அற்றுப்போயிற்று. நமக்கு இது புதிதன்று. காவிரியில் ஏறிய உல்லத்தை 1934இல் மேட்டூர் அணை மறித்தது. பாட்டனார் ஊரிலே உண்ட மீனை நாம் கல்கத்தாவுக்கு வந்து காண்கிறோம்!

ஆனால் அணைக்குக் கீழே, கழிமுகத்தில், நேரும் குறைவுக்கு அணையை மட்டும் பழிப்பது பொருந்தாது. அங்கே குஞ்சுகளையும் வாரும் சிறுகண் வலைகள் உண்டு. மாசும் வண்டலும் உண்டு. 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த இலிஷைப் பிடிக்கவும் விற்கவும் மேற்கு வங்க அரசு 2013இல் தடை விதித்தது. அடிக்கோலோடு சந்தைக்குச் சென்றால் தடை எவ்வளவு நடைமுறையில் உள்ளது என்பதை நாமே அளந்துவிடலாம்.

பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் அணைக்குக் கீழே பிடித்த இலிஷ்களை மேலே கொண்டுபோய் விடுகின்றனர். சிலவற்றுக்கு எண்ணிட்ட அடையாளமும் பொருத்துகின்றனர். இங்கே நோக்கம் தொகையை அறிவதைவிட, விட்ட மீன் எவ்வளவு தொலைவு ஏறுகிறது என்று அறிவதே. அதை அறிவிக்க வேண்டியவர் மேலாற்றில் வலை வீசும் மீனவர். சிக்கிய மீனின் எண்ணையும், இடத்தையும், நாளையும் அவர் சொன்னால்தான் கணக்கு நகரும்.