ஜெனரேட்டர் வாங்கப் போகும் தம்பிக்கு



மைக் செட் தொழிலைத் தனியாகத் தொடங்கிவிட்டாய் என்று கேட்டதில் மகிழ்ச்சி. போன வாரம் போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. “அண்ணே, திருச்சியில ஒரு சைனா ஜெனரேட்டர் பார்த்தேன். அஞ்சு கேவிஏன்னு போட்டிருக்கு. பேர் வாங்குன கம்பெனி சொல்ற விலையில பாதிகூட இல்ல. வாங்கிரவா?” என்றாய். இதே கேள்வியோடு உன் வயதுப் பிள்ளைகள் இன்னும் சிலரும் என்னிடம் வந்தார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

அந்த மிஷினை வாங்காதே. ஆனால் சைனா என்பதற்காக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலிவு மிஷினே ஆகாது என்றும் சொல்லவில்லை. என்னிடமும் ஒன்று இருந்தது. அதன் கதையைச் சொல்கிறேன்.

2016 சித்திரையில் 22,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 2.5 கேவிஏ என்று ஒட்டியிருந்த பெட்ரோல் மிஷின். வாங்கி மூன்றாவது வாரம் அறந்தாங்கிக்கும் பேராவூரணிக்கும் நடுவில் ஓர் ஊரில் அய்யனார் கோயில் திருவிழா. வயல் நடுவில் கோயில், பக்கத்தில் கரண்ட் கம்பம் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு பபூன் வந்து தொடங்கிய வள்ளி திருமணம் நாடகம், இரண்டு மணிக்குத் தர்க்கத்துக்கு வந்திருந்தது. நாரதருக்கும் வள்ளிக்கும் பாட்டும் பதிலும் ஏறிக்கொண்டே போக, சனம் தூக்கத்தை மறந்து உட்கார்ந்திருந்தது. அப்போது விளக்கெல்லாம் திடீரென்று பளீர் என்று கூடியது. கரண்ட் போகும்போது விளக்கு மங்கும். கூடினால் அது வேறு விஷயம் என்று எனக்குத் தெரியும். ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போனது ஏவிஆர். வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைக்கிற, உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பெட்டி. அது ஷார்ட் ஆனால் காயிலுக்கு முழு கரண்டும் பாயும். 230-ல் நிற்க வேண்டிய வோல்ட்டேஜ் முந்நூறைத் தாண்டிவிடும். ஆம்ப், மிக்ஸர், நாலு எல்இடி பார் லைட் எல்லாம் ஒரே மூச்சில் போயின. வள்ளி வேஷம் போட்ட அம்மா இருட்டில் பாட்டை நிறுத்தாமல் நின்றார். ஆர்மோனியக்காரரும் கையை எடுக்கவில்லை. சனம் செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தது. முக்கால் மணி நேரம் மைக் இல்லாமலே வள்ளியும் நாரதரும் தொண்டையைக் கொடுத்து அந்தத் தர்க்கத்தை முடித்தார்கள். அவர்களுக்கு மறுநாள் வேறு ஊரில் நாடகம் இருந்தது. அந்தத் தொண்டையோடுதான் அங்கேயும் பாடியிருப்பார்கள். எனக்கு ஆம்பையும் லைட்டையும் சரிசெய்ய 31,000 ஆனது. பணம் போனதைவிட அந்த அம்மா இருட்டில் நின்றதுதான் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

புது ஏவிஆர் போட்டு அந்த மிஷினை மூலையில் வைத்தேன். அதற்கப்புறம் அதை மேடைக்குக் கொண்டுபோகவே இல்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை ஏறியது. உனக்கு அப்போது பள்ளிக்கூட வயது, நினைவிருக்கும். தென்னை சாய்ந்ததோடு கம்பமும் சாய்ந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பி வர 23 நாள் ஆயிற்று. மூலையில் கிடந்த அந்த மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றினேன். வீட்டுக்கு இருபது நிமிடம் என்று அரை ஹெச்பி மோட்டாரை ஓட்டித் தொட்டி நிரப்பினோம். சாயங்காலம் ஒரு திண்ணையில் நிறுத்தி எல்லார் போனுக்கும் சார்ஜ் ஏற்றினோம். பெட்ரோலைத் தெருவே பங்கு போட்டுக்கொண்டது. அரை ஹெச்பி என்றால் மோட்டார் கொடுப்பது 370 வாட்டுதான்; ஓடும்போது இழுப்பது அதைவிடக் கூடும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். ஒவ்வொரு வீட்டிலும் மோட்டார் கிளம்பும்போது எஞ்சின் முக்கும், குனியும், பிறகு நிமிரும். இருநூறு மணி நேரம் ஓடியிருக்கும். இருபத்தோராம் நாள் ரிங் தேய்ந்து நீலப் புகை கக்க ஆரம்பித்தது. அதோடு சரி. அதைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது.

ஒரே மிஷின்தான், தம்பி. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும்போது அது நின்றால் பிளக்கைத் துடைத்து மறுபடி இழுத்துக்கொள்ளலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது. மேடையில் நின்றால் இன்னொருவருடைய உழைப்பு இருட்டில் நிற்கிறது. நீ வாங்கும் முதல் மிஷின் மேடைக்குத்தானே?

இனி அந்த ஐந்து கேவிஏ ஸ்டிக்கருக்கு வருகிறேன். நீ அனுப்பிய படத்தில் எஞ்சின் 196 சிசி என்று இருக்கிறது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதற்கு இந்த வகை மிஷின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்ற வேண்டும். 196 சிசி எஞ்சின் அந்த வேகத்தில் ராத்திரி முழுக்கக் களைக்காமல் கொடுக்கக்கூடியது இரண்டு கிலோவாட், மிஞ்சினால் இரண்டே கால். ஐந்து கேவிஏ என்றால் நாலு கிலோவாட் வேண்டும். அந்த எஞ்சினால் அது ஆகாது. ஸ்டிக்கரைப் படிக்காதே, சிசியைப் படி. பெட்டியில் ‘மேக்ஸ்’ என்று பெரிய எழுத்திலும் ‘ரேட்டட்’ என்று சின்ன எழுத்திலும் இருந்தால் சின்ன எழுத்துதான் உனக்கு. அதிலும் முக்கால் பங்கு லோடுக்கு மேல் போகாதே.

சைனா என்றாலே மட்டம் என்று கடைத்தெருவில் பேசுவதை நம்பாதே. சோங்சிங் நகரத்து லோன்சின் கம்பெனிதான் பிஎம்டபிள்யூ பைக்குக்கே எஞ்சின் செய்து கொடுத்தது. அங்கே நல்லதும் உண்டு, ஆகாததும் உண்டு. ஏறக்குறைய எல்லா மலிவு மிஷினிலும் இருப்பது 168எஃப் என்ற வகை எஞ்சின்; ஹோண்டா 1980-களில் கொண்டுவந்த ஜிஎக்ஸ் வரிசையைப் பார்த்துச் செய்தது. இதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. கார்ப்பரேட்டர், பிளக், கயிறு ஸ்டார்ட்டர் எல்லாம் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும், பட்டுக்கோட்டையிலேயே கிடைக்கும். ஆகவே எஞ்சினைப் பார்த்து நான் பயப்படவில்லை. என் பயமெல்லாம் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற ஆல்டர்னேட்டரைப் பற்றித்தான். அங்கேதான் காசை மிச்சம் பிடிக்கிறார்கள்.

காயிலில் செம்புக்குப் பதில் அலுமினியம் சுற்றி, மேலே செம்பு நிற வார்னிஷ் பூசியிருப்பார்கள். கண்ணால் பார்த்தால் தெரியாது. அலுமினியம் கரண்டைக் கடத்துவது செம்பில் அறுபது சதவீதம்தான். அதற்கேற்ப கம்பியைத் தடிமனாகப் போட்டால் குற்றமில்லை. தடிமனாகப் போட இடம் விடுவதில்லை என்பதுதான் குற்றம். சூடு ஏறும், முனையில் இறுக்கம் தளரும், அங்கே கருகும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, தூக்கிப் பார்ப்பது. இரண்டு கிலோவாட் கொடுக்கிற செம்புக் காயில் மிஷின் நாற்பது கிலோவாவது இருக்கும். ஒற்றைக் கையில் அலட்சியமாகத் தூக்கினால் வைத்துவிட்டு வந்துவிடு. முனைக் கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்ட விட்டால் இன்னும் நல்லது. உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம்.

நீ விலையைப் பற்றி மட்டும் கேட்டாய். மணிக்கணக்கைப் பார். அமெரிக்காவில் விற்க அனுமதி வாங்கிய சின்ன எஞ்சின்களில், புகை அளவு எத்தனை மணி நேரம் வரை வரம்புக்குள் நிற்கும் என்று ஒரு கணக்கு உண்டு. இந்த சிசிக்கு அது 125, 250, 500 என்று மூன்று படி. எஞ்சின் அதோடு செத்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் செய்தவனே எந்தப் படிக்கு நின்றான் என்று அதில் தெரிந்துவிடும். மாசியில் தொடங்கி வைகாசி முடிய உனக்கு நாற்பது ராத்திரி கிடைக்கிறது என்று வை. ராத்திரிக்கு ஏழு மணி நேரம் ஓடினால் 280 மணி. 125 மணி மிஷினாக இருந்தால் பங்குனி உத்திரத்தோடு அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் போடு. ஒரு யூனிட் கரண்டுக்குச் சின்ன பெட்ரோல் மிஷின் அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். சுமாரான லோடில் மணிக்கு ஒரு லிட்டர் என்று வைத்தாலும் ஒரு சீசனுக்கு 280 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது. முதல் வருஷமே 28,000 ரூபாய்க்கு மேல் பெட்ரோலுக்குப் போகிறது. நீ பார்த்த மிஷினின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். வாங்கும்போது மிச்சமாவதாகத் தெரிகிற பணம், மணிக்குக் கால் லிட்டர் கூடுதலாகக் குடிக்கிற எஞ்சினில் நாலைந்து சீசனில் கரைந்துவிடும்.

அப்படியானால் என்ன வாங்குவது? உன் லோடை முதலில் எழுது. இப்போது எல்லாம் எல்இடி, ஆம்ப்பும் முன்பு போல் கரண்ட் தின்பதில்லை. ஒரு நாடகத்துக்கு எண்ணூறு வாட் இருந்தாலே தாராளம். ஐந்து கேவிஏ உனக்குத் தேவையே இல்லை. பெயர் சொல்லி ஸ்பேர் கிடைக்கிற, பஸ் ஏறி ஒரு மணி நேரத்தில் மெக்கானிக்கைப் பிடிக்கக்கூடிய கம்பெனியின் இரண்டு கிலோவாட் மிஷின் ஒன்று வாங்கு. புதிதுக்குக் கையில் காசு இல்லையென்றால் அதே கம்பெனியின் நல்ல செகண்ட் ஹேண்ட். ஆம்ப்புக்கும் மிக்ஸருக்கும் மட்டும் நடுவில் ஒரு இன்வெர்ட்டரும் இரண்டு 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியும் வை. பாதி வரை இறக்கினாலும் ஐந்நூறு வாட்டுக்கு மூன்று மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டர் நின்றால் விளக்கு போகலாம், பாட்டு போகாது. 2016-ல் எனக்கு இந்தப் புத்தி இல்லை. பெரிய திருவிழாவுக்கு, சீரியல் செட்டும் கட்அவுட்டும் கேட்டால், டீசல் வண்டியை வாடகைக்கு எடுத்துப் பில்லில் சேர்த்துவிடு. மலிவு மிஷின் வேண்டுமென்றால் இரண்டாவதாக, மூன்றாவதாக வாங்கு. பந்தல் கட்டும் பகல் வேலைக்கு, அடுத்த புயலுக்கு. அதற்கு அது நியாயமான விலைதான்.

எதை வாங்கினாலும் சட்டப்படி ஒப்புதல் பெற்ற தகடு இருக்கிறதா பார். 2023 ஜூலையிலிருந்து ஜென்செட் புகைக்குப் புது விதி வந்துவிட்டது; வெளிநாட்டிலிருந்து வருவதற்கும் அது உண்டு.

வாங்கிய பிறகு முதல் இருபது மணி நேரம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பெட்டியிலிருந்து வரும்போது எஞ்சினில் ஆயில் இருக்காது. ஊற்றாமல் கயிற்றை இழுத்துக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். இந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டர் கிடையாது. உள்ளே உரசி உதிர்கிற தூள் ஆயிலிலேயே சுற்றும். இருபது மணி ஆனதும் சூடாக இருக்கும்போதே வடித்து ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார், மினுமினுவென்று இரும்புத் தூள் தெரியும். மாற்றிவிடு. அப்புறம் நூறு மணிக்கு ஒருமுறை. இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும். சீசன் முடிந்ததும் டேங்கையும் கார்ப்பரேட்டரையும் வடித்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

இரண்டு விஷயத்தில் நீ எனக்குச் சத்தியம் செய்ய வேண்டும். மழை வந்தால் மைக் செட் பிள்ளைகள் டெம்போவுக்குள் ஜெனரேட்டரை ஏற்றி, தார்ப்பாயை இழுத்துவிட்டு அங்கேயே படுப்பார்கள். நானும் படுத்திருக்கிறேன். அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். எழுப்ப ஆள் இருக்காது. மிஷின் நனைந்தால் நனையட்டும். மேலே நாலு கம்பு நட்டுத் தகரம் போடு. பக்கவாட்டில் மூடாதே, நீ படுக்கிற இடத்துக்குக் கிட்டே வைக்காதே.

இன்னொன்று, இரண்டு முனையிலும் ஆண் பின் வைத்த வயரால் வீட்டு ப்ளக் பாயின்ட்டில் ஜெனரேட்டரைச் சொருகுகிற பழக்கம். கஜா சமயத்தில் எங்கள் தெருவிலேயே ஒருவர் செய்யப் பார்த்தார். அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்பார்மரில் பின்பக்கமாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கம்பிக்குப் போகும். அன்றைக்குக் கம்பத்தின் மேல் வெளி மாவட்டத்திலிருந்து வந்த லைன்மேன்கள் இருந்தார்கள், நமக்காக. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாத வீட்டில் யார் கெஞ்சினாலும் இணைத்துக் கொடுக்காதே.

நல்ல மிஷினாகப் பார்க்கத் திருச்சிக்கு எப்போது போகிறாய் என்று சொல். செவ்வாய், புதன் எனக்கு வேலை இல்லை. ஆயிரம் வாட் ஹாலஜன் இரண்டும், ஹெர்ட்ஸ் காட்டுகிற மல்டிமீட்டரும் நான் எடுத்து வருகிறேன். கடையிலேயே அரை மணி நேரம் லோடு போட்டு ஓட்டிப் பார்ப்போம். இரண்டு விளக்கும் எரியும்போது 210-க்குக் கீழே இறங்கக் கூடாது; ஒன்றைச் சட்டென்று அணைத்தால் 250-ஐத் தாண்டக் கூடாது. லோடு போட விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போவோம்.

அன்புடன்,
அண்ணன்