மரண வீட்டில் நாம் எதைக் காட்டுவோம்?

வாசிக்க: அருளப்பர் 11, 1-44, அப்போஸ்தலர் பணி 9, 36-42

மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களிலே ஒருவர் இறந்துவிட்டால் லயத்து வாசலில் வெள்ளைக்கொடி ஏறுகிறது. றத்தோட்டையிலிருந்தும் எல்கடுவையிலிருந்தும் நண்பர்கள் வந்து சேருகின்றனர். கத்தோலிக்கர், இந்துக்கள், சிங்கள அயலவர் யாவரும் ஒரே பந்தலின் கீழ் அமர்ந்திருக்கின்றனர். சேமக்காலையில் பெட்டியை இறக்குமுன் நண்பர் ஒருவர் எழுந்து பேசுகிறார். அவர் என்ன பேசவேண்டும்? நாம் எதற்காகக் கூடுகிறோம்? வேதாகமம் காட்டும் இரு மரண வீடுகளுக்குச் சென்று பார்ப்போம்.

1. பெத்தானியா

லாசரைத் தம் நண்பன் என்றே இயேசு அழைத்தார். அவனை உயிர்ப்பிக்கப் போவதை அறிந்திருந்தும் கண்ணீர் விட்டார். ஆகவே, நண்பனுக்காக அழுவது விசுவாசக் குறைவு அன்று. மார்த்தாளையும் மரியாளையும் தேற்றுவதற்குப் பலர் வந்திருந்தனர். உடன் இருப்பதே முதல் உதவி என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

2. யோப்பா

தபித்தாள் என்ற சீடப்பெண் நோயுற்று இறந்தாள். இராயப்பர் அங்கு வந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டே அவரைச் சூழ்ந்து நின்றனர். அவர்கள் சொற்பொழிவு ஆற்றவில்லை. தபித்தாள் தங்களோடு இருந்தபோது செய்து கொடுத்த ஆடைகளை எடுத்துக் காட்டினர். ஏழையின் உடம்பில் கிடந்த துணியே அவளுக்குச் சாட்சியாயிற்று. பின்பு இராயப்பர் முழந்தாளிட்டுச் செபித்தார்.

நினைவுரைக்கு இதைவிட நல்ல மாதிரி உண்டோ? “உத்தமர், உயர்ந்தவர்” என்ற சொற்கள் எல்லா இறந்தவருக்கும் பொருந்தும். “என் பிள்ளை காய்ச்சலில் கிடந்த இரவில் ஆஸ்பத்திரி வரை தூக்கி வந்தவர் இவர்” என்ற சொல்லோ ஒருவருக்கே உரியது.

3. புகழுரையும் உண்மையும்

1969-ல் திருச்சபை வெளியிட்ட அடக்கச் சடங்கு முறை, பூசையில் ஆற்றப்படும் மறையுரை வெறும் புகழுரையாகிவிடலாகாது என்கிறது. காரணம் தெளிவு. இறந்தவர் மோட்சம் சேர்ந்துவிட்டார் என்று நாமே தீர்ப்புக் கூறிவிட்டால், அவருடைய ஆன்மாவுக்காக மன்றாடுவது யார்?

4-ம் நூற்றாண்டிலே புனித பசிலியார் இறந்தபின், அவருடைய பால்ய நண்பரான நசியான்சு கிரகோரியார் அவர் நினைவாக நீண்ட உரை ஆற்றினார். தம்மைச் சாசிமா என்னும் சிற்றூருக்கு ஆயராக்கியதால் இருவருக்குமிடையே எழுந்த மனத்தாங்கலை அவர் அதில் மறைக்கவில்லை. அதனால் அவருடைய அன்பு குறைந்துவிடவுமில்லை.

4. நமது மலைநாட்டில்

1697-ல் கண்டியில் வைசூரி பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைப் பராமரித்து, இறந்தவர்களை அடக்கம் செய்தவர் யோசேப்வாஸ் அடிகளார். 1711 ஜனவரி 16-ல் அவரும் கண்டியிலேயே மரித்தார். அவருடைய கல்லறை இருந்த இடத்தை இன்று எவராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை. அவர் செய்த தொண்டோ மறக்கப்படவில்லை. 2015 ஜனவரி 14-ல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே அவரைப் புனிதராக அறிவித்தார்.

5. நாம் செய்யக்கூடியவை

பேச எழுபவர், இறந்தவர் செய்த ஒரு நற்செயலைக் கண்டபடியே சொல்லட்டும். ஐந்து நிமிடம் போதும். அவரோடு மனத்தாங்கல் உள்ளவர் பெட்டி மூடப்படுமுன் மன்னிக்கட்டும். மரண உதவிச் சங்கம் பெட்டிக்கும் பந்தலுக்கும் வழி செய்கிறது. 31-ம் நாள் பூசைக்குப் பின் அந்த வீட்டுப் பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் வழி செய்பவர் யார்? நண்பர்கள் அன்றும் கூடட்டும்.

சிந்திக்க: நமது பெட்டியருகே எழுந்து நின்று காட்டுவதற்கு, யாருடைய கையிலாவது நாம் கொடுத்த ஆடை ஒன்று இருக்குமா?