ஆர்க்காட்டு நவாபின் குதிரைப்படை

நம் மண்ணூர்பேட்டைக்கு மேற்கே ஆவடியில் போர் டாங்கிகள் செய்யப்படுகின்றன. டாங்கிப் படையில் சிப்பாயைச் 'சவார்' என்றும், அவனுக்கு மேலுள்ள அதிகாரியை 'ரிசால்தார்' என்றும் இன்றும் அழைக்கின்றனர். குதிரை போய்விட்டது, பெயர் போகவில்லை. அப்படைகளுள் மூத்தவற்றில் ஒன்றான பதினாறாம் குதிரைப்படை, தன் பிறப்பை ஆர்க்காட்டு நவாபின் சேவையில், 1776ஆம் ஆண்டில் வைத்து எண்ணுகின்றது.

நவாப் முகம்மது அலி வாலாஜாவின் தர்பார் மொழி பாரசீகம். அவருடைய குதிரைப்படைக்கோ தலைமை தாங்கியவர்கள் ஐரோப்பியர். காரணம் உண்டு. 1769இல் ஹைதர் அலியின் குதிரைகள் சென்னையின் வாயில்வரை வந்தன. கும்பினியிடம் காலாட்படை இருந்தது. அவற்றை விரட்டப் போதிய குதிரை இல்லை. எனவே நவாபின் செலவில், கும்பினியின் அதிகாரிகளைக் கொண்டு, ஒழுங்குப் பயிற்சி பெற்ற குதிரைப்படை அமைந்தது.

கொடுப்பவர் ஒருவர், ஆணையிடுபவர் வேறொருவர் என்றால் என்ன நேரும்? குதிரைக்குக் கொள்ளும் புல்லும் நாள்தோறும் வேண்டும். நவாபோ ஐரோப்பியக் கடன்காரர்களின் வட்டியில் மூழ்கியிருந்தார். 1781இல் கர்நாடகத்தின் வரி வருவாயும் கும்பினியின் கைக்குச் சென்றது. வீரர்களின் சம்பளம் நின்றது. 'பாக்கி' என்னும் அரபுச் சொல்லை நாம் கடைவீதியில் எளிதாகச் சொல்கிறோம்; அன்று ஆரணிப் பாளையத்தில் அச்சொல்லுக்குப் பசி என்றே பொருள். 1784இல், கும்பினிக்குப் படை கைமாறும் வேளையில், பாக்கி கேட்டு அங்கே கலகம் மூண்டது. அதனை வெறும் ஒழுங்கீனம் என்று எழுதிவிடுதல் நீதியன்று என்பது நம் கருத்து. கலகம் அடக்கப்பட்டது, படை கும்பினியுடையதாயிற்று.

இதே கதை பாரசீகத்திலும் நிகழ்ந்தது. 1879இல் ஷா நாசிருத்தீன், ருஷ்ய அதிகாரிகளின் கீழ்க் கொசாக்குக் குதிரைப்படையொன்றை அமைத்தார். வீரர் ஈரானியர், தலைவரோ ருஷ்ய அரசின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். 1908இல் அத்தலைவர் லியாகோவ் தெஹ்ரானின் மஜ்லிஸையே பீரங்கியால் தகர்த்தார். ஆயினும் முடிவு வேறு. அப்படையிலேயே உயர்ந்த ரிசா கான் 1921இல் ஆட்சியைப் பிடித்து, 1925இல் ஷாவானார்.

ஆர்க்காட்டில் அப்படியொருவர் எழவில்லை. 1801 ஜூலையில் வாலாஜாவின் மைந்தர் உம்தத்துல் உமரா சேப்பாக்கம் அரண்மனையில் இறுதி மூச்சோடு கிடந்தபோது, வாயிலில் காவல் நின்றது கும்பினியின் படை.