தவிட்டோடு போகும் தாதுச் சத்து

தச்சநல்லூர் முதலிய தாமிரபரணிப் பாசன ஊர்களில் அரிசியே பிரதான ஆகாரம். ஆயினும், வயிறு நிரம்புவது மட்டும் ஆரோக்கியமாகாது. எலும்பிற்குச் சுண்ணாம்புச் சத்தும், இரத்தத்திற்கு இரும்புச் சத்தும் இன்றியமையாதன.

நெல்லின் இரும்புச் சத்தில் பெரும்பகுதி தவிட்டில் உள்ளது. ஆலையில் வெண்மையாகத் தீட்டுங்கால், அது மாட்டுத் தீவனமாகி விடுகின்றது. 1920களில் குன்னூரில் டாக்டர் ராபர்ட் மக்காரிசன் பல பிரதேச உணவுகளை எலிகளுக்கு அளித்துச் சோதித்தார். கோதுமை, பால், காய்கறிகளை உண்டவை செழித்தன. அரிசியையே பெரிதும் உண்டவை மெலிந்தன.

சுண்ணாம்புச் சத்தோ அரிசியில் சொற்பம். 100 கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 10 மில்லிகிராமே உண்டு. அதே எடைக் கேழ்வரகில் 300க்கு மேல் உண்டு. ஆகையால், கேப்பைக் கூழை ஏழையின் உணவென்று இகழலாகாது.

அங்கத்தினர்கள் கைக்கொள்ளத் தக்கவை:

1. தவிடு முற்றும் நீங்காத அரிசியை உண்க.
2. கீரையும் மோரும் நாடோறும் சேர்க்க. கீரையுடன் நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை சேரின், இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும்.
3. உணவோடு தேநீரும் காப்பியும் தவிர்க்க. அவை இரும்புச் சத்தைத் தடுப்பன.
4. கடலுப்பில் அயோடின் மிகக் குறைவு. ஆதலின் அயோடின் கலந்த உப்பையே வாங்குக.
5. கர்ப்பிணிகள் வெளிறிக் களைத்தால், உணவை மட்டும் நம்பாது வைத்தியரிடம் காட்டுக.

சங்கப் பண்டகசாலையில் கேழ்வரகும் தீட்டாத அரிசியும் வைக்குமாறு அடுத்த கூட்டத்திலேயே அங்கத்தினர்கள் கேட்பார்களாக.